பசி திரும்பவில்லை

ஜனவரி 11, காலை 9.10

பதிவு செய்பவர்: டாக்டர் சுகிர்தா தேவநேசன், பொறுப்பு மருத்துவர், சந்திரகிரி எடைச் சிகிச்சை நிலையம், நிலவு. நேரம் எல்லாம் இந்திய நேரம்.

காற்றழுத்தம் சீர். மின்சாரம் சீர். தண்ணீர் மறுசுழற்சி சீர். நிலையத்தில் மூன்று பேர்: நான், பொறியாளர் அலாவுதீன், நோயாளி ராஜகனி. மற்ற நோயாளிகள் பொங்கலுக்கு வீடு சேரவேண்டும் என்று முந்தாநாள் கலத்தில் கிளம்பிவிட்டார்கள். அடுத்த கலம் மார்ச் கடைசியில், புது நோயாளிகளோடு.

ராஜகனி: வயது நாற்பத்தேழு. சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை. பூமிக் கணக்கில் எடை 184 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், முழங்கால் இரண்டும் தேய்மானம். வயிற்றைச் சுருக்கும் அறுவைசிகிச்சை ஒருமுறை நடந்தது. இரண்டு வருடம் பலன் இருந்தது, பிறகு எடை திரும்பிவிட்டது. இங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அவர் முழங்காலுக்கு அவர் முப்பது கிலோ மனிதர். வந்த வாரமே சேமிப்பறை ஏணியில் ஏறி மேல் தட்டைத் தொட்டுவிட்டு இறங்கினார். மறுபடி ஏறினார்.

"டாக்டரம்மா, கடையில மேல் தட்டு அண்டாவ எடுக்கணும்னா பத்து வருசமா அடுத்தவனத்தான் ஏத்திவிடுதேன்" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று புதிய சிகிச்சை தொடக்கம். ஒரே ஒரு மாத்திரை. உள்ளே உயிருள்ள நுண்ணுயிர். குடலில் குடியேறி, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பை அதுவே தயாரிக்கும். தினமும் ஊசி போடவேண்டியதில்லை. போதும் என்றானதும் நிறுத்து மாத்திரை கொடுத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டு. ராஜகனி விவரமெல்லாம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். விழுங்கியதும் வயிற்றைத் தட்டிக்கொண்டு, "உள்ள போய் ஒழுங்கா இரி" என்றார்.


ஜனவரி 24, பகல் 12.30

எடை 176. சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைப்பு. இரவு மூச்சுத் திணறல் இல்லை. சாப்பாடு திட்டப்படி.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஆய்வுக்கு உதவும். "சாப்ட்டு எந்திரிக்கும்போதே அடுத்து என்னன்னு மண்டைக்குள்ள ஒருத்தன் கேட்டுட்டே இருப்பான். ஊர்ல எல்லாரும் வாயக் கட்டு, வாயக் கட்டும்பாவ. வாயா கேட்டுச்சு? அவம்லா கேட்டான். இப்ப சத்தமே இல்ல டாக்டரம்மா. இப்படித்தான் நீங்கள்லாம் இருக்கீயளா? இவ்ளோ நிம்மதியா?"

பதினாறு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். எந்த நோயாளியும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.


பிப்ரவரி 9, காலை 8.00

எடை 166. குறையும் வேகம் கூடுதல். திட்டப்படி ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு கலோரி உள்ளே போகவேண்டும். முந்நூறு போவதே கஷ்டம். பிடிவாதம் இல்லை, முயற்சி செய்கிறார். ஒரு கரண்டி உப்புமாவை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். "எறங்க மாட்டேங்குது."

சிகிச்சையை நிறுத்த முடிவு. நிறுத்து மாத்திரை கொடுத்தாயிற்று.

தரையிலிருந்து மருத்துவக் குழுத் தலைவர் டாக்டர் விஸ்வேஸ்வரன்: "ரெண்டு மூணு நாள்ல பசி வந்துரும் சுகிர்தா. நீங்க நிறுத்தினது சரிதான்."


பிப்ரவரி 17, மாலை 4.40

பசி வரவில்லை. எடை 160.

நிறுத்து மாத்திரை இரண்டாம் முறையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. குடல் மாதிரியைப் பரிசோதித்தேன். நுண்ணுயிர் மாறியிருக்கிறது. மாத்திரை போய் ஒட்டவேண்டிய இடமே அதில் இப்போது இல்லை. கிருமிக்கொல்லி மருந்து மூன்று வகை கொடுத்தேன். மருந்து பட்டதும் வித்துப் போலச் சுருண்டுகொள்கிறது, மருந்து விட்டதும் விழித்துக்கொள்கிறது. செத்ததெல்லாம் அவர் குடலில் இருந்த நல்ல கிருமிகள்தான்.

மதியம் அவர் மனைவி ஜெயக்கொடி திரையில் வந்தார். கணவரைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"யம்மா! கல்யாண போட்டாவுல இருக்க மாதில்லா இருக்கீய! டாக்டரம்மா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். எங்க அண்ணன் வந்து பாத்தா அசந்துருவான்."

ராஜகனி மேசைக்கு அடியில் என் காலை லேசாகத் தட்டினார். சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. ஜெயக்கொடி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்னும் தெரியவில்லை.


பிப்ரவரி 27, மாலை 6.50

அலாவுதீனுக்கு ஊர் கீழக்கரை. ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. ரமலான் நோன்பை ஊர் நேரப்படி பிடிக்கிறார். இன்று நோன்பு திறந்த பிறகு என் அறைக்கு வந்தார். கையில் கஞ்சிக் கிண்ணம், நிறைய இருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். நோன்பு தொறக்குற நேரத்த எனக்கு வயிறுதான் சொல்லும். எங்க வேலை பாத்தாலும் அப்படித்தான். இன்னைக்கு ஊர்ப் பள்ளிவாசல் பாங்கு ஒலிச்சப்பதான் நேரமாச்சுன்னே தெரிஞ்சுது."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மொத நோன்புல இருந்தே. மனசு பக்குவப்பட்டுருச்சுன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன்."

உட்காரச் சொன்னேன். ரத்தம், மலம் மாதிரி எடுத்தேன். எடுக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. காலையில் எடுத்துவைத்த இட்லி என் மேசையில் அப்படியே இருக்கிறது. நேற்றையதும் அதன் பக்கத்தில். நோயாளியைப் பற்றிய கவலையில் சாப்பிடத் தோன்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.


பிப்ரவரி 28, காலை 11.15

அலாவுதீனுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

வழி: தண்ணீர். கழிவிலிருந்து சுத்திகரித்த நீரைத்தான் மூவரும் குடிக்கிறோம். வடிகட்டி, புற ஊதா விளக்கு எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் வித்தாகச் சுருண்டது அதையெல்லாம் கடந்து வந்துவிடுகிறது. அலாவுதீன் ஒரு குழாயைக் கழற்றிக் காட்டினார். உட்புறம் முழுக்க வழவழப்பாக மெல்லிய படலம். விரலால் தொட்டுவிட்டு, விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

இனி இந்தப் பதிவு தரைக்குழுவுக்கு மட்டும் அல்ல. இதைக் கண்டெடுக்கிறவர் யாராயினும்: இங்குள்ள தண்ணீரைத் தொடாதீர்கள். எங்களையும் தொடாதீர்கள்.


மார்ச் 6, பகல் 1.20

மணி அடித்துச் சாப்பிடுகிறோம். ஒரு நாளைக்கு ஆறு முறை. மூவரும் ஒரே மேசை. பசியில்லாவிட்டால் என்ன, கடமையாக விழுங்கலாமே என்றுதான் நினைத்தோம். முடியவில்லை. வயிறு அசைவதையே நிறுத்திவிட்டது. போனது அங்கேயே கிடந்து, இரண்டு மணி நேரம் கழித்து அப்படியே திரும்பி வருகிறது. மூக்குக் குழாய் வழியாகக் கூழ் செலுத்திப் பார்த்தேன். அதுவும் அதே கதை. குமட்டலுக்கான மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது.

இன்றைய எடை: அலாவுதீன் 55. நான் 50. ராஜகனி 151.

மூன்று எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேமிப்பே இல்லாதவர்கள் நானும் அலாவுதீனும். இவர் உடம்பில் மாதக்கணக்கில் தாங்குகிற அளவுக்கு இருக்கிறது. எதை நோய் என்று கரைக்க இவரை இங்கே கொண்டுவந்தோமோ, அதுதான் இவரை உயிரோடு வைத்திருக்கப்போகிறது.

அவரிடம் சொன்னேன். அவர் அலாவுதீனின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கஞ்சியை ஆற்றி, கரண்டியில் எடுத்து நீட்டினார். "நீ குடி தம்பி. எனக்கு இருக்கு."


மார்ச் 14, இரவு 8.30

தரையோடு பேச்சு. முழுவதும் பதிவில் இருக்கட்டும்.

விஸ்வேஸ்வரன்: "புது நோயாளிகள் யாரும் வரல. ஓட்டுநர் ரெண்டு பேர மட்டும் அனுப்புறோம். உங்க மூணு பேரையும் தனி அறையில அடைச்சுக் கூட்டிட்டு வந்துரலாம்."

நான்: "எங்க கழிவு எங்க போகும் சார்?"

விஸ்வேஸ்வரன்: "எரிச்சுருவோம்."

நான்: "கலத்தோட குழாய? அது விழுற கடல? ஓட்டுநரோட குடல?"

விஸ்வேஸ்வரன்: "நீங்க என் மாணவி சுகிர்தா. உங்கள அங்க விட்டுட்டு நான் எப்படி..."

நான்: "சார், இது தண்ணீர்ல பரவுது. பொறந்த குழந்தை பாலுக்கு அழாது. அம்மாவுக்கும் ஊட்டணும்னு தோணாது. அதுக்கு மேல நான் யோசிக்கல."

ஆளில்லாத கலம் ஒன்றில் மருந்தும் நரம்புவழி ஊட்ட நீரும் அனுப்ப ஏற்பாடு செய்வதாகப் பிறகு சொன்னார். எப்போது என்றேன். ஜூன் என்றார். மார்ச் கலம் ஓட்டுநர் இல்லாமல் பறக்காது, ஆளில்லாததை இனிமேல்தான் தயார் செய்யவேண்டும்.

இந்த முடிவு நான் மட்டும் எடுத்ததல்ல. நேற்றே இருவரையும் கேட்டேன். அலாவுதீன் யோசிக்கவே இல்லை. "எம் மகளுக்கு மே மாசம் பிரசவம் டாக்டர். யாரையும் வரச் சொல்லாதீங்க." ராஜகனி ஜன்னலோரம் போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அகலமான முதுகு, சட்டை தொளதொளத்துக் கிடந்தது. "ஜெயக்கொடிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீங்க சொல்லாண்டாம்" என்றார்.

இன்று மாலை அவர் சொல்லிவிட்டார். கதவைச் சாத்தியிருந்தேன். ஆனாலும் கேட்டது. ஜெயக்கொடியின் குரல் மட்டும். "அப்ப நான் சிரிச்சேனே. அன்னைக்கு நான் சிரிச்சேனே." அதையே திரும்பத் திரும்ப.


மார்ச் 23, காலை 7.30

அலாவுதீன் எழுந்திருக்கவில்லை. கால்கள் வீங்கியிருக்கின்றன. நாடி ஒழுங்கில்லை. எடை 47.

நரம்புவழி ஊட்ட நீர் மொத்தம் ஒன்பது பைகள். முதல் பையை மாட்டிவிட்டேன், மிக மெதுவாக. பட்டினி கிடந்த உடம்புக்குள் உணவு திடீரென்று போனால் ரத்தத்தில் உப்புகள் சரிந்து இதயம் நின்றுவிடலாம். தெரிந்துதான் மாட்டினேன். மாட்டாவிட்டாலும் நிற்கும்.

நோன்பு வைக்கவேண்டாம், நோயாளிக்கு விலக்கு உண்டுதானே என்று கேட்டேன். சிரித்தார். "இது நோன்பு இல்ல டாக்டர். நோன்புன்னா பசிக்கணும்."


மார்ச் 25, பகல் 2.00

அலாவுதீன் இறந்துவிட்டார். பதினொன்று நாற்பதுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. மின் அதிர்ச்சி நான்கு முறை. பொட்டாசியம், மக்னீசியம், எல்லாம் கொடுத்தேன். ராஜகனி நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் போதும் என்று சொன்ன பிறகும் அழுத்தினார்.

குளிப்பாட்டினோம். முகம் மக்கா பக்கம் இருக்கவேண்டும் என்றார் ராஜகனி. எந்தப் பக்கம் என்று நான் விழித்தேன். அவர் ஜன்னலைக் காட்டினார். பூமி தெரிந்தது. அந்தப் பக்கமாகத் திருப்பிக் கிடத்தினோம். கீழக்கரையிலிருந்து அவர் தம்பி தொழுகையை நடத்த, ஒலிபெருக்கியில் கேட்டோம். முடிந்ததும் ஒரு பெண் குரல், மகளாக இருக்கும்: "வாப்பாக்கு வலிச்சுதா?"

வலிக்கவில்லை என்றேன். அது உண்மை. இந்த நோயில் எதுவும் வலிப்பதில்லை.


ஏப்ரல் 2

நேரம் பார்க்கவில்லை. என் எடை 42.

மீதிப் பைகளை எனக்கு மாட்டிக்கொள்ளச் சொல்லி ராஜகனி சண்டை போட்டார். "எனக்கு ஏத்தாண்டாம், ஒங்களுக்கு ஏத்துங்க. நீங்கதான டாக்டரு, நீங்க போயிட்டா எனக்கு யாரு ஊசி போடுவா?" நியாயம். மெதுவாக ஏற்றிக்கொள்கிறேன். நரம்புகள் உடைந்துபோகின்றன. கைகளில் இடம் இல்லை.

தரை ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி: இந்த நுண்ணுயிரைத் தின்னும் ஒரு வைரஸைக் கண்டிருக்கிறார்கள். கண்ணாடிக் குழாயில் வேலை செய்கிறது. எலியில் பார்க்கவேண்டும். பிறகு இங்கே அனுப்பவேண்டும். ஜூன் என்பது இப்போது ஜூலை.

ராஜகனிக்குக் கொழுப்பு தாங்கும். தசை தாங்காது, உப்பு தாங்காது. விட்டமின், பொட்டாசியம் மருந்துகளை அவருக்கென்று ஒதுக்கிவிட்டேன். தொடையில் தானே ஊசி போடச் சொல்லிக்கொடுத்தேன். முதல் முறை தவறிவிட்டது. இரண்டாம் முறை சரியாகப் போட்டார்.

குளியலறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார். நிலவில் நான் ஏழு கிலோ. "கடையில ஒரு குத்துவிளக்கு இத விட கனமா இருக்கும்" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்குகிறது.


ஏப்ரல் 8

பை தீர்ந்தது.

எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. இதை எழுதுவது முக்கியம். வயிறு நிறைந்திருக்கிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்த மாதிரி. உடம்பு தன்னையே தின்றுகொண்டிருக்கிறது, மூளைக்கு அது தெரியவில்லை. தெரிந்தால் கத்தியிருக்கும். கத்த வைக்க என்னிடம் மருந்து இல்லை.

ஆய்வுக்காக: பசி என்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாகர்கோவில் ஹாஸ்டலில் பரீட்சை நாளில் ஒருமுறை... இல்லை. வார்த்தை ஞாபகம் இருக்கிறது. அது மட்டும்தான்.

விஸ்வேஸ்வரன் சார் பேசினார். என்ன பேசினார் என்று


ஏப்ரல் 11

ராஜகனி அண்ணாச்சி எழுதட்டும். என் விரல்

எடை தினமும் எழுதுங்க அண்ணாச்சி காலையில ஒண்ணுக்குப் போன பிறகு பொட்டாசியம் ஒரு நாள் விட்டு ஒரு


ஏப்ரல் 13, காலை

நான் ராஜகனி எழுதுகிறேன். டாக்டரம்மா நேற்றுச் சாயங்காலம் போய்விட்டார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். கடைசியாக என்னைப் பார்த்து, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார்கள். போட்டேன் என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவர்கள் வேதக்காரர் என்பதால் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். எங்கள் கடைக்கு எதிரில் சர்ச்சு இருப்பதால் பாதி தெரியும். மீதியைத் தரையிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

என் எடை 129. ஊசி போட்டுக்கொண்டேன்.


ஏப்ரல் 21, காலை

எடை 124. ஊசி போட்டேன். தலை சுற்றல் உண்டு. கலம் ஜூலையில் உறுதி என்கிறார்கள். எலிக்குப் பசி வந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அங்கே பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

பேச ஆள் இல்லை. அதனால் இதில் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன், டாக்டரம்மா மன்னிப்பார்கள்.


மே 5, மாலை

எடை 117.

ஜெயக்கொடி தரை நிலையத்துக்கே வந்து தங்கியிருக்கிறாள். அவள் ஐந்து நாளாக எதுவும் சாப்பிடவில்லை என்று அங்குள்ள டாக்டர் என்னிடம் சொன்னார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். படம் வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்றேன். காமிரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். என் முகத்தை அவள் பார்க்கவேண்டாம்.

"ஏட்டி, ஏன் சாப்பிடல?"

"நீங்க சாப்பிடாம எனக்கு எப்படிங்க எறங்கும்?"

"எனக்கு இன்னைக்குக் கொஞ்சம் பசிக்கி."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்ட்டி. அந்த எலிக்கு வந்த மாதி எனக்கும் தானா வந்துட்டு போல. நீ ஒரு தட்டுல போட்டு எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் சேந்து சாப்புடுவோம்."

ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஒரு கிண்ணமும் கரண்டியும் எடுத்துவந்து மைக் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"என்ன வச்சிருக்கீய?"

"சோறும் பருப்பும். நீ?"

"ரசஞ்சோறு. நீங்க மொதல்ல ஒரு வாய் வைங்க."

கரண்டியால் வெறுங்கிண்ணத்தை உரசினேன். வாயை மென்றேன். விழுங்குகிற மாதிரி தொண்டையில் சத்தம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவள் வாய்க்குள் சோறு போகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிறுத்தினாள். நான் மறுபடி கரண்டியை உரசினேன். அவள் மறுபடி சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க" என்றாள்.

"போட்டுக்கிட்டேன். நீயும் போட்டுக்கோ" என்றேன்.

நாளைக்கும் இதே நேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.


மே 6, காலை

எடை 116.